கடல்முத்தும் இஸ்திரிப் பெட்டியும்

கடலுக்குத் திடீரென்று கருணை பிறந்துவிட்டதாக ஊர் பேசியது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கடல் மீன் கொடுத்தது, உப்புக் கொடுத்தது, காற்றுக் கொடுத்தது. அதெல்லாம் கருணைக் கணக்கில் சேரவில்லை. ஒரு நாள் விடிந்தபோது கரை நெடுக வெள்ளை வெள்ளையாய்ச் சின்ன மணிகள் ஒதுங்கிக் கிடந்தன பாருங்கள், அதுதான் கருணை.

ஒவ்வொன்றும் பயறு அளவு. உருண்டை என்றும் சொல்ல முடியாது, தட்டை என்றும் சொல்ல முடியாது. பால் நிறம். அள்ளினால் விரல் இடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். கரையில் கால் வைத்தால் மணலா மணியா என்று தெரியாத அளவுக்குக் கிடந்தன.

அதற்கு முந்திய வாரம் வெளிக்கடலில் ஒரு சரக்குக் கப்பல் புயலில் சாய்ந்து, தீப்பிடித்து, பெட்டி பெட்டியாகச் சரக்கைத் தண்ணீரில் கொட்டியிருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். டீவியில் பார்த்தார்கள். இப்போது மணி ஒதுங்கியிருப்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வேலையை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது அல்லவா.

ஆளில்லாமல் கிடந்த அந்த வேலைக்குத்தான் கடலடிகள் வந்து சேர்ந்தார்.

கடலடிகள் என்பது புதுப் பெயர். அதற்கு முன்னால் அவர் பஸ் நிலையத்தில் நின்று வழுக்கையில் முடி முளைக்கிற எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார். தன் தலையிலேயே முடி கொட்டிப்போனதும் எண்ணெயை விட்டுவிட்டு ஞானத்துக்கு மாறினார். ஞானத்துக்கு முடி அவசியமில்லை. கடல்தாய் தன் கனவில் வந்ததாகவும், "என் கண்ணீரை முத்தாக அனுப்புகிறேன், நம்புகிறவன் எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொன்னதாகவும் அறிவித்தார். அந்த அம்மாள் கப்பல் சாய்ந்த வாரமாகப் பார்த்து ஏன் அழுதாள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கரையோரம் தகரக் கொட்டகை எழும்பியது. மேடை போட்டார்கள், மைக் வைத்தார்கள், வரிசை வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். முத்து இலவசம் என்று பெரிய எழுத்தில் பலகை. கடல் கொடுத்ததை விற்பது பாவமாம். ஆனால் முத்தைச் சும்மா கையில் வைத்திருந்தால் சக்தி ஒழுகிப்போய்விடும். அடிகள் தொட்டுக் கொடுக்கிற நீலத் துணியில்தான் முடிந்து வைக்க வேண்டும். துணிக்குக் காணிக்கை உண்டு. கைக்குட்டையில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் துணியின் விலைக்கு ஒரு முழுச் சட்டை தைத்துவிடலாம். வெயில் பட்டு மஞ்சளித்துப்போன மணி வந்தால் அது சித்தி அடைந்த முத்து, துணி விலை கூடுதல். கப்பலில் தீப்பிடித்தபோது கருகிய மணி வந்தால் அது கருமுத்து, பகைவரை அடக்கும், அதற்கு இன்னும் கூடுதல். குப்பையில்கூட அவர் தரம் பிரித்தார் என்றால் திறமையைப் பாருங்கள்.

ஊர்த் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இஸ்திரிக்கடை வைத்திருந்தவளைப் பற்றித்தான் இந்தக் கதை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்கா. கதவுக்குப் பக்கத்தில் நீள மேஜை, அதன் மேல் மடித்துப் போட்ட கம்பளி, கருகின தடம் விழுந்த வெள்ளைத் துணி, சுவரில் தேய்த்த சட்டைகள், மூலையில் தேய்க்காத மூட்டை. காலையில் பெட்டியைச் சூடு பண்ணினாள் என்றால் சாயங்காலம் வரை கை நிற்காது, வாயும் நிற்காது. அவளுடைய புருஷன் படகு இன்ஜின் மெக்கானிக். எந்தப் படகு எங்கே இருமினாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். இன்ஜின் விஷயத்தில் எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாத அந்த மனுஷன், அடிகள் விஷயத்தில் எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பினான். கழுத்தில் நீல முடிச்சு. சட்டையில் 'தொண்டர்' என்று அட்டை. சாயங்காலமானால் கொட்டகையில் வயர் இழுப்பது, மைக் சரி பார்ப்பது எல்லாம் அவன்தான்.

அக்காவுக்கு இதில் பக்தியும் இல்லை, பகையும் இல்லை. ஊர் கூடி எதையோ கும்பிடுகிறது, கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். ஐஸ் பாக்டரி முதலாளியின் சட்டை வருகிற வரைக்கும்.

முதலாளி சட்டைப் பையில் முத்தை வைத்ததை மறந்துவிட்டுத் தேய்க்கக் கொடுத்திருந்தார். அக்கா பையின் மேல் பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். பெட்டி வழுக்கவில்லை, ஒட்டியது. தூக்கிப் பார்த்தால் பை வழியாக மெழுகு மாதிரி ஒரு திட்டு. வாளி எரிகிற நாற்றம் கடையெல்லாம் பரவியது. விலையுயர்ந்த சட்டை, அதோடு போச்சு.

முதலாளி வந்து பார்த்துவிட்டுச் சட்டைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. முத்துக்காகத்தான் குதித்தார். கடல்தாயின் கண்ணீரை எரித்துவிட்டாள், தொழில் படுத்துவிடும், உடனே அடிகளிடம் போய்ப் பரிகாரம் செய்ய வேண்டும் என்றார். புருஷனும் கூடச் சேர்ந்துகொண்டு அவளை இழுத்துக்கொண்டு போனான். அடிகள் கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, நீண்ட மூச்சு விட்டு, நம்பிக்கையில்லாத கை பட்டால் முத்து உருகத்தான் செய்யும் என்று தீர்ப்புச் சொன்னார். உண்மையான பக்தனின் முத்தைத் தீ தொடாது என்றார். சொன்னதோடு விடவில்லை. தன் மடியிலிருந்து ஒரு முத்தை எடுத்து, இடுக்கியில் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். கரி படிந்தது, துடைத்தார், முத்து அப்படியே பளபளத்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அக்கா பரிகாரத் துணி ஒன்று வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் திரும்பினாள்.

ஆனால் மூக்கு பேசாமல் இருக்கவில்லை. அந்த நாற்றம் அவளுக்குப் பழகின நாற்றம். மட்டமான பொத்தான் மேல் பெட்டி பட்டால் வருகிற அதே நாற்றம். வீட்டுக்கு வந்ததும் பரிகாரத் துணியைப் பிரித்து, உள்ளே இருந்த மணியை ஒரு பழந்துணியில் வைத்து, மேலே இன்னொரு துணி போட்டு, பெட்டியை அழுத்தினாள். உருகியது. புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ நம்பிக்கை இல்லாம தேய்ச்சிருப்பே" என்றான்.

"பெட்டிக்கு எதுக்குய்யா நம்பிக்கை? கரண்ட் இருந்தா போதாதா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடிகளைப் பற்றி வெளியே ஏதாவது பேசினால் கடைக்கு ஒரு மூட்டைத் துணி வராது என்று மட்டும் மறுநாள் சொன்னான். அது மிரட்டல் இல்லை, உண்மை. தெருவில் பாதிப் பேர் கழுத்தில் நீல முடிச்சு தொங்கியது. அக்கா கடை வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள்: 'பையில் முத்து இருந்தால் எடுத்துவிட்டுக் கொடுக்கவும்.' அதோடு நிறுத்திக்கொண்டாள். பையில் வைத்துக்கொள்கிற முட்டாள்தனத்தால் சட்டைதானே கெடும், ஆள் கெடமாட்டானே என்று நினைத்தாள்.

முட்டாள்தனம் பையோடு நிற்கிற வழக்கம் இல்லை. கொஞ்ச நாளில் வயிற்றுக்கு இறங்கியது.

முதலில் மீன். வலையில் வருகிற மீனின் வயிற்றைக் கிழித்தால் உள்ளே வெள்ளை மணி. மீன் முட்டை என்று நினைத்து மீன்கள் அதை விழுங்கின. மீனுக்குப் படிப்பில்லை, மன்னித்துவிடலாம். வயிறு முட்ட மணியைத் தின்ற மீனுக்குப் பசி எடுக்காது, இரை தேடாது, வயிறு நிறையப் பட்டினி கிடந்து சாகும். அக்காவின் கொழுந்தன் மீன் பிடிக்கிறவன். அவன் கொண்டுவந்து கொடுத்த மீனை அறுத்தால் முள்ளும் தோலும்தான் மிச்சம், சதை இல்லை. மீன் இளைத்துப்போகிறது அண்ணி என்று அவனே கவலையோடு சொன்னான். அடிகள் கவலைப்படவில்லை. முத்து இருக்கிற மீன் அருள் பெற்ற மீன் என்று மைக்கில் சொன்னார். அவ்வளவுதான், கொழுத்த மீன் ஏலத்தில் கேட்பாரில்லாமல் கிடந்தது, எலும்பும் தோலுமான மீனுக்குப் போட்டி. வாங்குகிறவர்கள் சதையை அமுக்கிப் பார்க்கவில்லை, வயிற்றைக் குலுக்கிப் பார்த்தார்கள்.

ஓர் ஆமை கரையில் செத்து ஒதுங்கியது. அது முக்தி அடைந்த ஆமை. சுற்றிலும் கயிறு கட்டி, பார்க்கக் காணிக்கை வைத்தார்கள். கடற்பறவைகள் சிறகு விரித்தபடி மணலில் கிடந்தன. அவை கடல்தாயின் காலடியில் சரணடைந்தவை. இந்த ஊரில் எந்த உயிரும் சாகவில்லை. எல்லாம் ஏதோ ஒன்றை அடைந்துகொண்டிருந்தன.

மீன்வளத் துறையிலிருந்து நாலைந்து பேர் சல்லடையும் சாக்குமாக வந்தார்கள். மணியைச் சலித்து அள்ளி அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் கடலில் கிடந்து, வெயிலில் நொறுங்கித் தூளாகி, கண்ணுக்குத் தெரியாமல் மீனுக்குள்ளும் நமக்குள்ளும் போகும் என்று விளக்கிப் பார்த்தார்கள். சாமி சொத்தைத் திருட வந்தவர்கள் என்று கூட்டம் அவர்களை விரட்டியது. விரட்டினவர்களுக்குக் கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார். கண்ணாடி போட்ட, பேண்ட்டில் மடிப்பு கலையாத மனுஷன். கப்பல் கம்பெனியின் ஏஜென்ட். தகரக் கொட்டகை அவர் கொடுத்த நன்கொடை. மணிகள் குப்பை என்று ஆனால் கம்பெனி அள்ள வேண்டும், மீனவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். மணிகள் முத்து என்று ஆகிவிட்டால்? ஊர்தான் கம்பெனிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு கொட்டகையின் செலவில் ஒரு கடலையே துடைத்துவிட்டார். அந்த ஊரிலேயே கணக்குத் தெரிந்த பக்தர் அவர் ஒருவர்தான்.

கடைசியாக அடிகள், முத்தை உள்ளே விழுங்கினால் நோய் வெளியே போகும் என்றார்.

அக்காவின் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, நல்ல பெண். குழந்தைக்கு இரண்டு வயது. ஓயாத சளி. மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. ஒரு மத்தியானம், பாலில் இரண்டு முத்தைப் போட்டுக் கரண்டியால் புகட்டினாள். குழந்தை ஒன்றை விழுங்கியது. இன்னொன்று விழுங்கும்போது இருமல் வந்தது.

அக்கா கடையில் இருந்தாள். இரண்டு வீடு தள்ளி ஓரகத்தி குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்துகிற சத்தம் கேட்டது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள். குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஓரகத்தி அதைத் தூக்கிப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், வாயில் கடல்தாயே கடல்தாயே என்று ஒரே வார்த்தை. அக்கா குழந்தையைப் பிடுங்கி, முன்கையில் குப்புறப் போட்டு, முதுகில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிக்கொண்டே தெருவில் ஓடினாள். மூலையில் இருந்த டாக்டரம்மாவின் கிளினிக்குக்குள் செருப்போடு போனாள். டாக்டரம்மா ஏதோ ஒரு நீளமான இடுக்கியை உள்ளே விட்டு எடுத்தாள். குழந்தை அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அக்கா வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

சின்னக் கிண்ணத்தில் பால் நுரையோடு வெள்ளை மணி கிடந்தது. டாக்டரம்மா அதைச் சுட்டிக் காட்டினாள்.

"இது பிளாஸ்டிக். வாளி, குடம், நாற்காலி எல்லாம் செய்ய இதைத்தான் மூட்டை மூட்டையா உருக்குறாங்க. இன்னும் கொஞ்சம் கீழ இறங்கியிருந்தா குழந்தை இல்லம்மா."

ஓரகத்தி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழுங்கின இன்னொன்று என்ன செய்யும் என்று கேட்டாள். அது மலத்தோடு போய்விடும், பயப்பட வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. ஆனால் மீன் வழியாகத் தூள் தூளாக உள்ளே போவது போகப்போக என்ன செய்யும் என்று அக்கா கேட்டபோது, டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நல்லது செய்யாது. எவ்வளவு கெட்டது செய்யும்னு ஆராய்ச்சி நடந்துகிட்டிருக்கு, முழுசா எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல எனக்கு வெக்கமில்ல. எல்லாம் தெரிஞ்ச ஆளு கொட்டகையில உக்காந்திருக்காரு, அவரைக் கேளுங்க."

கேட்டுவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் பெரிய கூட்டம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் மணலில் உட்கார்ந்தார்கள். ஏஜென்ட் முன்வரிசையில். மேடையில் அடிகள், மைக்கைக் கையில் பிடித்து, கடற்கரையில் ஒரு மணியைக்கூட யாரும் அகற்ற விடக்கூடாது, அகற்ற நினைப்பவன் கை விளங்காது என்று இடி முழக்கம் செய்துகொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கடலையே அதட்டுவது போல இருந்தது.

அக்கா ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் இன்னொரு கையில் வெள்ளைத் துணிகளுமாக நடு வழியில் நடந்து வந்தாள். இடுப்பில் ஒரு கண்ணாடி டம்ளரைச் செருகியிருந்தாள். காணிக்கையாகப் பெட்டியைக் கொடுக்க வருகிறாள் என்று நினைத்துக் கூட்டம் வழி விட்டது. மேடை ஓரத்தில் வயர் பக்கத்தில் தொண்டர் அட்டையோடு புருஷன் நின்றான். தம்பி குழந்தைக்கு நடந்தது அவனுக்குத் தெரியும்.  ஆனாலும் அட்டையைக் கழற்றவில்லை.

அங்கே ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மைக் வயர் செருகியிருந்தது.

"அந்த வயரைக் கழட்டு. பெட்டிக்குக் கரண்ட் வேணும்" என்றாள் அக்கா.

அவன் மேடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கூட்டத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன் குனிந்து மைக் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வயரைத் தானே செருகினான்.

அடிகளின் இடி முழக்கம் பாதி வார்த்தையில் அறுந்தது. அதற்கப்புறம் கேட்ட குரல் வேறு குரல். மெலிந்து, கீச்சென்று, பஸ் நிலையத்தில் எண்ணெய் விற்ற அதே குரல். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். உண்மையான பக்தனின் முத்தைத் தீ தொடாது என்று அடிகள் எல்லோர் முன்னாலும் சொன்னாரா இல்லையா என்று கேட்டாள். சொன்னார் என்றது கூட்டம். தன் கை நம்பிக்கையில்லாத கை, அது வேண்டாம், இங்கே அடிகள் மேல் உயிரையே வைத்திருப்பவர் யாராவது வந்து தன் முத்தைத் தன் கையாலேயே தேய்க்கட்டும் என்றாள்.

ஆளாளுக்குத் தங்கள் கழுத்து முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஐஸ் பாக்டரி முதலாளி எழுந்தார். இந்தப் பொம்பளையின் திமிரை அடக்க வேண்டும் என்றுதான் எழுந்தார். மூன்று நிற முத்தும் வைத்திருந்த ஒரே ஆள் அவர். கழுத்து முடிச்சை அவிழ்த்து, வெள்ளை, மஞ்சள், கருப்பு மூன்றையும் துணியில் வைத்து, மேலே துணி போட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பெட்டியை அழுத்தினார். அந்த நாற்றம் கிளம்பியது. முன்வரிசை மூக்கைப் பிடித்தது. பெட்டியைத் தூக்கினார். மேல் துணியைப் பிரிக்க இழுத்தார், வரவில்லை. இரண்டு துணியும் ஒன்றாய் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது மூன்று திட்டு. சித்தி அடைந்ததும் பகைவரை அடக்குவதும் வெறும் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்து இழுகியிருந்தன.

"உங்க நம்பிக்கையிலயும் குறை போலிருக்கு முதலாளி" என்றாள் அக்கா.

 வாங்கின துணிகளின் கணக்கெல்லாம் முதலாளியின் முகத்தில் ஓடியது.

அதற்குள் இன்னும் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு மணி, ஆளுக்கொரு நாற்றம். அடிகள் கையை உயர்த்தி, இன்று கடல்தாய் கோபமாக இருக்கிறாள், அதனால்தான் உருகுகிறது என்று கீச்சினார்.

"சரி சாமி, உங்க மேல அவங்களுக்குக் கோபம் இருக்காதே. உங்க முத்தை நீங்களே தேய்ங்க" என்றாள் அக்கா.

அடிகளின் முகம் தெளிந்தது. இதைத்தான் அவர் எதிர்பார்த்தார். மடியில் கை விட்டு, மெழுகுவர்த்தியில் காட்டுகிற அந்த முத்தை எடுத்துத் துணியில் வைத்தார். பெட்டியை அழுத்தினார். தூக்கினார். முத்து அப்படியே இருந்தது. பாதிக் கூட்டம் மறுபடி கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனது. பழக்கம் லேசில் விடுமா.

அக்கா இடுப்பிலிருந்து டம்ளரை எடுத்து, பக்கத்தில் இருந்த குடத்தில் தண்ணீர் மொண்டு மேடை மேல் வைத்தாள். கூட்டத்திலிருந்து ஒரு கை மணியை வாங்கி அதில் போட்டாள். எல்லாம் மிதந்தன. கடலில் மிதந்து வந்தவை மிதக்காமல் என்ன செய்யும்? பிறகு அடிகள் தடுப்பதற்குள் துணியில் கிடந்த அவருடைய முத்தைத் துணி முனையால் பிடித்து டம்ளருக்குள் விட்டாள்.

டிங் என்று ஒரு சத்தம். முத்து நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலே அத்தனை மணியும் மிதக்க, கீழே தனியாக ஒன்று. புருஷன்தான் முதலில் வாயைத் திறந்தான். தினமும் அந்த மைக்கில் ஒன்று, இரண்டு என்று சோதித்துப் பார்த்த வாய்.

"கண்ணாடி மணி. நமக்குக் கொடுத்தது பிளாஸ்டிக், தனக்கு வெச்சுக்கிட்டது கண்ணாடி." சொல்லிவிட்டுச் சட்டையிலிருந்த அட்டையைப் பிய்த்தான். "பிளாஸ்டிக்னா எதுன்னு கேக்கிறீங்களா? நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி. அதை உருக்கறதுக்கு முன்னால இப்படித்தான் இருக்கும். கும்பிடறதா இருந்தா திரும்பி நின்னு அதைக் கும்பிடுங்க. வாங்கின காசுக்கு அதாவது உக்காரத் தாங்கும்."

ஓரகத்தி குழந்தையோடு எழுந்து நின்றாள். முந்தின நாள் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மடியில் குழந்தை வைத்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. தாய்மார் தங்கள் குழந்தைகளின் கழுத்து முடிச்சை அவிழ்த்து மேடையை நோக்கி வீசினார்கள். நீலத் துணி மழை.

அடிகள் தன் பக்தர்களைச் சோதித்துப் பார்த்ததாகவும், எல்லோரும் சோதனையில் தேறிவிட்டதாகவும் அறிவித்துக்கொண்டே பின்பக்கம் நகர்ந்தார். தேறினவர்கள் அவரைப் பிடித்து உட்காரவைத்துப் போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஏஜென்ட் தன் பேண்ட் மடிப்பு கலையாமல் நழுவி வண்டியருகே போனபோது, அங்கே கொழுந்தனும் இன்னும் இருபது படகுக்காரர்களும் நின்றிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு மீன். எலும்பும் தோலுமான, அருள் பெற்ற மீன். யாரும் அவரை அடிக்கவில்லை. இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று மட்டும் கொழுந்தன் சொன்னான். அவர் சாப்பிடவில்லை. கம்பெனி அள்ளித் தரும், நஷ்டஈடு பற்றிப் பேசும் என்று அங்கேயே நின்று வாக்குக் கொடுத்தார். வாக்கு மட்டும் போதாது என்று மீன்வளத் துறைக்காரர்களை வரவழைக்கிற வரைக்கும் படகுக்காரர்கள் வண்டியை விடவில்லை.

சல்லடைகள் திரும்பி வந்தன. விரட்டினவர்களே இப்போது பிடித்துச் சலித்தார்கள். மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். ஆனாலும் ஒவ்வொரு அலையும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டது. கொட்டகையில் மைக் முழங்கின நாளெல்லாம் மணலில் மிதிபட்டு, வெயிலில் நொறுங்கிப் பொடியாகிப்போனதை எந்தச் சல்லடையும் பிடிக்காது. அது கடலுக்குள் போய்விட்டது, மீனுக்குள் போய்விட்டது, எங்கே நிற்கும் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. கொழுந்தன் இப்போதும் மீனை வீட்டுக்குக் கொண்டுவருமுன் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறான். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் இருக்கும்.

ஓரகத்தி மாறிவிட்டாள். குழந்தைக்கு எதைக் கொடுப்பதானாலும் ஏன் எதற்கு என்று கேட்டு டாக்டரம்மாவின் உயிரை எடுக்கிறாள். டாக்டரம்மாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். மெக்கானிக் இரண்டு நாள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். மூன்றாவது நாள், பெட்டிக்கு நம்பிக்கை வேண்டாம், கரண்ட் போதும் என்று தானே சொல்லிச் சிரித்தான்.

ஊர் திருந்திவிட்டதா என்று கேட்கிறீர்கள். ஒரு காலையில் அக்கா கடையைத் திறக்கும்போது வெளியூர்க்காரர் ஒருவர் மனைவியோடு வாசலில் காத்துக்கொண்டிருந்தார். பஸ் பிடித்து வந்தாராம். கையில் துணி மூட்டை எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், மேஜை மேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார்.

போலியைப் பொசுக்கின தெய்வீகப் பெட்டி இதுதானா என்று பயபக்தியோடு விசாரித்தார். வெகுநாளாகத் தலைவலியாம். சூடு இல்லாமல் ஒரே ஒரு தடவை நெற்றியில் காட்டினால் போதுமாம். காணிக்கை எவ்வளவானாலும் சரியாம்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூலையிலிருந்த மூட்டையை இழுத்து அவிழ்த்து, முதல் சட்டையை உதறி மேஜையில் விரித்தாள்.

"அண்ணே, மூளைன்னு ஒண்ணு இருந்தா அதுல சுருக்கம் இருக்கணும். உங்களுக்கு அதை யாரோ ஏற்கெனவே மழமழன்னு தேய்ச்சு விட்டிருக்காங்க, நான் தேய்க்க ஒண்ணும் மிச்சமில்ல. வீட்டுக்குப் போயி ஏன், எதுக்குன்னு தினம் கொஞ்சம் யோசிங்க. சுருக்கம் தானா விழும்."